வெள்ளி வாசலுக்கு வந்த முதல் வழிப்போக்கன்

கூட்டத்தில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும்:

மேலிடத்தில், அதாவது வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரை ஒட்டிய சோபாவின் நடுவில், வெள்ளி வாசல் வணிக வளாகத்தின் இயக்குநர் தெமிர்கான் ஒரோஸ்பாயெவிச். அவருக்கு வலப்பக்கம், விருந்தோம்பல் பிரிவின் துணை இயக்குநர் கலீச்சா அம்மையார். இடப்பக்கம், வழிப்போக்கர். பக்கவாட்டு நாற்காலியில், நகரும் படிக்கட்டின் பொறுப்பாளர் அனார்கான். வாசலோர முக்காலியில், வாடகைதாரர்களின் பிரதிநிதியாக, கைப்பேசி உறை விற்கும் எர்மெக். வாசலில் நின்றபடி காவலர் பெய்ஷென். அவருக்கு இருக்கை ஒதுக்கப்படவில்லை. சோபா விற்பனைக்குரியது என்பதால் அதன் பிளாஸ்டிக் உறை அகற்றப்படவில்லை. யார் அசைந்தாலும் எல்லோருக்கும் கேட்டது.

அந்த வழிப்போக்கர் நான்தான். பெயர் எசெங்குல். கோக்-ஜாரில் பாசன வாய்க்காலின் நீர்மட்டம் பார்த்துக் குறித்து மேலே அனுப்புவது என் வேலை. யார் இருந்தார், எங்கே இருந்தார், பிறகு என்ன நடந்தது என்ற வரிசையில்தான் கடிதம் எழுத வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தது இதுதான்.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை. நான் தாஷ்-புலாக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே என் அண்ணன் ஜோல்தோஷ் இருக்கிறான். பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. செவ்வாய்க்கிழமை அவனே கூப்பிட்டான்.

"பையனுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் பொண்ணு வந்து இறங்குது. அம்மாவோட வெள்ளைத் துணி உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"அதைக் குடுத்தனுப்பு" என்றான். கடைசியில், "வேணும்னா நீயும் வா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

எங்கள் அம்மா மருமகளாக வந்து இறங்கியபோது தலையில் போட்ட துணி அது. அண்ணி தலையிலும் என் மனைவி தலையிலும் அதைத்தான் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள், பெண் வாசலில் இருக்கும்போதே போட வேண்டும். நான் அதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு வேன் கரா-தாலில் நின்றது. "ஒரு மணி நேரம். ஒண்ணரைக்கு எடுத்துருவேன், யாருக்காகவும் நிக்க மாட்டேன்" என்றார் ஓட்டுநர் மாரத். கல்யாண வீட்டுக்கு மிட்டாய் இல்லாமல் எப்படிப் போவது? எதிரே கண்ணாடி முகப்போடு வெள்ளி வாசல் நின்றது. மூன்று மாடி. முன்பு அங்கே ஆட்டுச் சந்தை கூடும். நான் சாலையைக் கடந்தேன்.

கதவில் 'தானியங்கி' என்று எழுதியிருந்தது. எதிரே போய் நின்றேன். உள்ளே ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்தார். அவர்தான் பெய்ஷென். எங்கள் பக்கத்தில் வெளி ஆளை மரியாதையாக அழைப்பதென்றால் ஆணுக்கு 'பாய்கே', அதாவது அண்ணா; பெண்ணுக்கு 'எஜே', அதாவது அக்கா.

"வாங்க பாய்கே. காலுக்கு உறை போடுங்க. பையை லாக்கர்ல வைங்க. டோக்கனைத் தொலைச்சிராதீங்க. பேரைச் சொல்லுங்க."

நீல நிற பிளாஸ்டிக் உறையைச் செருப்புக்கு மேல் மாட்டினேன். பையைப் பதினேழாம் லாக்கரில் வைத்துப் பூட்டினார். பிறகு ஒரு தடிமனான பதிவேட்டைத் திறந்தார்.

"எந்த ஊரு?"

"கோக்-ஜார்."

"எங்க போறீங்க?"

"தாஷ்-புலாக். வேன் நிக்குது, மிட்டாய் வாங்கிட்டுப் போயிருவேன்."

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்: உள்ளூர்வாசி, வியாபாரி, வழிப்போக்கர். பெய்ஷெனின் பேனா மூன்றாம் கட்டத்துக்கு மேல் போய் நின்றது. பக்கத்தைப் பின்னால் புரட்டினார். அங்கேயும் மூன்றாம் கட்டம் வெள்ளை. இன்னும் புரட்டினார். முதல் பக்கம் வரைக்கும் வெள்ளைதான். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"எஜே, ஒருத்தர் வந்திருக்காரு. ஆமா, நிஜமாவே. நிக்கறாரு. பிடிச்சு வைக்கட்டுமா?"

நான் மிட்டாய்க் கடையைத் தேடிப் போனேன். வளாகத்தில் முப்பத்திரண்டு கடைகள். ஏழு திறந்திருந்தன. அதில் ஐந்து கைப்பேசி உறைக் கடைகள். மிட்டாய்க் கடை இருந்தது. 'இருப்புச் சரிபார்ப்பு நடைபெறுகிறது' என்ற அட்டை தொங்கியது. அட்டை வெயிலில் வெளுத்து எழுத்தே சரியாகத் தெரியவில்லை.

"அது வசந்த காலத்துலேருந்து சரிபாக்கறாங்க" என்றான் எதிர்க் கடையிலிருந்த எர்மெக். "உள்ள இருந்த மிட்டாயை எலி சரிபாத்து முடிச்சிருச்சு. நீங்க யாரு, வழிப்போக்கரா? ஐயோ பாய்கே!"

"ஏன்?"

"'வழிப்போக்கர் சேவை மையம்'னு எழுதிக் குடுத்துத்தான் சந்தைத் திடலை வாங்கினாங்க. நாலு வருஷத்துல ஒரு வழிப்போக்கன்கூட வரலைன்னா இடத்தைத் திருப்பிக் குடுக்கணும். இன்னைக்கு மேலேருந்து ஆய்வுக்குழு வருது. உங்களை விடுவாங்கன்னு நினைக்கிறீங்களா? நானா இருந்தா ஜன்னல் வழியா குதிச்சிருப்பேன். ஆனா ஜன்னலைத் திறக்கவும் விண்ணப்பம் போடணும்."

நான் திரும்பியபோது கலீச்சா அம்மையார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! எங்க வழிப்போக்கர்! முகத்தைப் பாருங்களேன், என்ன களைப்பு! அனார்கான், பாத்தியா, நல்லா களைச்சிருக்காரு. போட்டோவுல நல்லா வரும்."

"எனக்கு வேன் இருக்கு எஜே."

"இருக்கட்டும், நல்லதுதான. வேன் இல்லாம என்ன வழிப்போக்கரு? ஒரே ஒரு தடவை எஸ்கலேட்டர்ல ஏறுங்க. அஞ்சு நிமிஷம்."

இந்த மாவட்டத்திலேயே நகரும் படிக்கட்டு அது ஒன்றுதான். அதன்மேல் கம்பளம் விரித்து, கம்பளத்தின்மேல் பூந்தொட்டிகள் வைத்திருந்தார்கள். தொட்டிகளை எடுத்தார்கள். கம்பளத்தைச் சுருட்டினார்கள். அனார்கான் கழுத்தில் தொங்கிய சாவியைப் பூட்டில் செருகினார், ஒரு விசில் ஊதினார். படி முனகிக்கொண்டு கிளம்பியது. நான் ஏறி நின்றேன். பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. விளக்குகளும் அணைந்தன.

"ஆறு நிமிஷம் ஆயிருச்சு" என்றார் அனார்கான் கீழிருந்து. "ஒரு நாளைக்கு ஆறு நிமிஷ கரண்ட்டுதான் இதுக்கு. சூடேத்தவே அஞ்சு போயிருது. இனி கூடுதல் உத்தரவு வரணும்."

"நான் நடந்து இறங்கறேன்."

"இறங்காத தம்பி! இதுல நடக்கக் கூடாது. இது நகரும் படி."

"நகரலையே எஜே."

"நகராதபோதும் இது நகரும் படிதான்."

உத்தரவு வாங்கக் கலீச்சா அம்மையார் மாடிக்குப் போனார், வேறு படி வழியாக. நான் முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். ஒன்றே முக்கால் ஆனது. அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது. யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்ற மாரத் எனக்காகக் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து தட்டினார். பெய்ஷென் உள்ளிருந்து உறை மாட்டாத அவருடைய காலைக் காட்டினார். மாரத் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பெய்ஷென் மறுபடி காலைக் காட்டினார். மாரத் என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். விடைகொடுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, அவரும் ஆட்டினார். வேன் போய்விட்டது.

உத்தரவு இரண்டேகாலுக்கு வந்தது. படி என்னைக் கீழே இறக்கவில்லை, மேலே கொண்டுபோய் விட்டது. சாதாரணப் படி வழியாக இறங்கிப் பெய்ஷெனிடம் டோக்கனை நீட்டினேன்.

"பையைக் குடுங்க."

"வெளியேறும் முத்திரை இருக்கா பாய்கே?"

"எங்க வாங்கணும்?"

"கலீச்சா எஜேகிட்ட."

கலீச்சா எஜே என் தோளைத் தொட்டுப் பேசினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"எங்க வாசலை மிதிச்சு வந்துட்டீங்க. ரொட்டியைத் தொடாம அனுப்பினா யாருக்குக் கேவலம்? எங்களுக்குத்தான? நாளைக்கு உங்க ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அப்ப ரொட்டியை எடுங்க எஜே, ஒரு துண்டு பிச்சு வாயில போட்டுட்டுக் கிளம்பறேன்."

"குழு வந்ததும் எடுப்போம். அவங்க பாக்காம சாப்பிட்டா விருந்துன்னு யாரு நம்புவா?"

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ரொட்டியின் பேரைச் சொன்ன பிறகு எதிர்த்துப் பேசும் கிர்கிஸ்காரனை நான் பார்த்ததில்லை. அங்கே யாராவது ஒரு வெளிநாட்டுக்காரன் இருந்திருந்தால் லாக்கரை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான் தலையைக் குனிந்துகொண்டு, "புகார்ப் புத்தகமாவது குடுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. புத்தகம் இரும்புப் பெட்டியிலிருந்து தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. நூல் கோத்து, நூலின் முனையில் அரக்கு வைத்து, அரக்கில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

"நாலு வருஷத்துல ஒரு புகார் கிடையாது!"

"இப்ப ஒண்ணு எழுதறேன்."

"தாராளமா. ஆனா முத்திரையை உடைக்கணும்ல? முதல்ல உங்க புகார் என்னன்னு தனித்தாள்ல எழுதிக் குடுங்க. அது புகார்தானான்னு இயக்குநர் பாத்து உறுதி செய்வாரு. உறுதியானா திறப்போம்."

"இதுவரைக்கும் எத்தனை உறுதியாச்சு?"

"அதான் சொன்னேனே, ஒரு புகார் கிடையாதுன்னு."

இரண்டே முக்காலுக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"எங்கடா இருக்க?"

"கரா-தால்ல. கடைக்குள்ள."

"கடைக்குள்ளயா? இங்க வாசல்ல கம்பளம் விரிச்சாச்சு. வேன் வந்துட்டுப் போயிருச்சு, நீ அதுல இல்ல. வர மனசில்லைன்னா நேரா சொல்லிருக்கலாம். பதினோரு வருஷம் கழிச்சும் உனக்கு ஒரு சாக்கு கிடைக்குது."

"என்னை விட மாட்டேங்கறாங்கண்ணே."

"கடையில? உன்னை? விட மாட்டேங்கறாங்க?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்று மணிக்கு இரண்டாம் தளத்து மரச்சாமான் கடையில் கூட்டம் ஆரம்பமானது. குழு இன்னும் வரவில்லை. ஒத்திகையாக நடத்துவோம் என்றார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலிடம் விருந்தாளிக்குத்தானே என்று எர்மெக் முக்காலியிலிருந்து கேட்டான். இயக்குநர் இடம்விட்டு அசையாமலே பதில் சொன்னார்: "மேலிடம் விருந்தாளிக்குத்தான். அவர் சார்பா நான் உக்காந்திருக்கேன்."

பிறகு எழுந்து பேசினார். பிளாஸ்டிக்கும் கூடவே கொஞ்ச தூரம் எழுந்து வந்தது.

"தோழர்களே, இந்தக் கட்டடம் மக்களுக்காகக் கட்டினது. மக்கள்தான் அதைப் புரிஞ்சுக்கல. உள்ள வர்றாங்க, பொருள் கேக்கறாங்க! பொருள் வேணும்னா சந்தை இருக்கு. சந்தை எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? இங்கதான் இருந்துச்சு, நாங்கதான் எடுத்தோம். சேறு, ஆட்டுப் புழுக்கை, கூச்சல்! இப்ப பாருங்க, எவ்வளவு அமைதி. நாலு வருஷத்துல ஒரு திருட்டு இல்ல. ஏன் இல்ல? எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணும் வைக்கறதில்ல. எஸ்கலேட்டர் ஒரு நாள்கூடப் பழுதாகல. ஏன் ஆகல? ஓட்டறதில்ல. இதுக்குப் பேருதான் நிர்வாகம். நாகரிகம்னா என்னன்னு இந்த வழிப்போக்கரைக் கேளுங்க. மத்தியானம் ஒருத்தருக்கும் தெரியாத ஆளா வந்தாரு. இப்ப மூணு துறை அவரைப் பாத்துக்குது."

கை தட்டினார்கள். பெய்ஷென் நின்றபடி தட்டினார்.

அடுத்தது திறப்பு விழா. வளாகம் ஏற்கெனவே மூன்று தடவை திறக்கப்பட்டது. இது நான்காவது. 'முதல் வழிப்போக்கருக்கான திறப்பு'. நகரும் படிக்கட்டின் மேல்முனையில் நாடா கட்டி வெட்ட வேண்டும். எல்லோரும் அங்கே போனோம்.

"சிவப்பு நாடா தீந்து போச்சுன்னியே கலீச்சா?"

"வேற கிடைச்சிருச்சு தெமிர்கான் ஒரோஸ்பாயெவிச். நம்ம லாக்கர்லயே இருந்துச்சு. நாப்பது லாக்கர்ல ஒண்ணுலதான் ஏதாவது இருக்கு, என்ன ராசி பாருங்க."

இந்தக் கைப்பிடிக்கும் அந்தக் கைப்பிடிக்கும் நடுவே வெள்ளையாக ஒரு துணி முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் எங்கள் அம்மா நீல நூலால் போட்ட பூத்தையல். இரண்டு முனையிலும் முடிச்சு. பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் கத்தரிக்கோல்.

"அது எங்கம்மா துணி" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். "எங்கம்மாவோட தலைத்துணி. இன்னைக்கு மருமக தலையில போடணும். வெள்ளையை வெட்டுவீங்களா நீங்க? உங்க வீட்டுல வெட்டுவீங்களா?"

அனார்கான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். எர்மெக், "வேணாங்க, அபசகுனம்" என்றான்.

"கைப்பிடியில கட்டின நிமிஷத்துலேருந்து அது தலைத்துணி இல்ல, நாடா" என்றார் இயக்குநர். "பெருமைப்படுங்க. துண்டு ரெண்டையும் உங்ககிட்டயே குடுத்துருவோம். போய் ரெண்டு மருமகளுக்குப் போடுங்க." கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

கெஞ்சியிருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம், ஆனால் பெய்ஷென் என்னைவிட இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது பள்ளியில் படித்த கடித வரிசைதான்.

"யார் வலப்பக்கம் நிக்கறது?"

கத்தரிக்கோல் நின்றது.

"என்ன?"

"வெட்டும்போது வலப்பக்கம் யாரு, இடப்பக்கம் யாருன்னு முடிவாச்சா? குழு கேட்டா என்ன எழுதுவீங்க? இது மாடி. படி அனார்கான் எஜே பொறுப்பு. அப்ப அவங்க வலப்பக்கமா, இல்ல துணை இயக்குநரா?"

"நான்தான்" என்றார் கலீச்சா அம்மையார்.

"ஏன்?" என்றார் அனார்கான். தரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். "கைப்பிடி என் பொறுப்பு. சாவி என் கழுத்துல. நீ மூணு திறப்புலயும் வலப்பக்கம் நின்னாச்சு."

"துணை இயக்குநர்னு ஒரு பதவி இருக்கறது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"விருந்தோம்பலுக்குத்தான நீ துணை! படிக்கு இல்லையே!"

இயக்குநர் இரண்டு பேரையும் இடம் மாற்றி நிறுத்திப் பார்த்தார். தானே வலப்பக்கம் போய் நின்றார். அப்போது நடு காலியானது. காலியான நடுவில் எர்மெக் போய் நின்று, "வாடகை குடுக்கறவன் நடுவுல நின்னா என்ன?" என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டான். இருபத்தைந்து நிமிஷம் கத்தரிக்கோல் தட்டுக்கும் கைக்குமாகப் போய்வந்தது. அதற்குள் இயக்குநரின் தொலைபேசி அடித்தது. அவர் நிமிர்ந்து நின்று பேசினார்.

ஆய்வுக்குழு வரவில்லை. பக்கத்து மாவட்டத்தில் விருந்து முடியவில்லையாம். வழிப்போக்கர் ஒருவர் வந்தார் என்பதற்கு அவர் கைப்படவே கடிதம் எழுதி, முத்திரையிட்டு, இன்றே ஆள் மூலம் அனுப்பினால் போதும். எல்லா உறுப்பினர்களும் இருக்கும்போது பிரித்து உரக்கப் படிப்பார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுதறேன்" என்றேன். "யார் எங்க இருந்தாங்கன்னு ஒழுங்கா, ஒண்ணு விடாம எழுதறேன். நாடா கட்டினபடி எழுத முடியாது. என் துணியும் பையும் கைக்கு வந்தாத்தான் பேனா ஓடும்."

பெய்ஷென்தான் முடிச்சுகளை அவிழ்த்தார். தடித்த விரலால் மெல்ல மெல்ல அவிழ்த்து, உதறி, நாலாக மடித்து, வலக்கையில் வைத்து நீட்டினார். பிறகு கீழே போய்ப் பையையும் கொண்டுவந்து கொடுத்தார்.

விலைச் சீட்டு ஒட்டிய கண்ணாடி மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் இருந்தவர்களும் இடங்களும். மற்ற நான்கில் கதவு, செருப்பு உறை, மிட்டாய்க் கடை, ஆறு நிமிஷ மின்சாரம், புகார்ப் புத்தகம், லாக்கரைத் திறந்தது, கத்தரிக்கோல், இயக்குநரின் உரை. உரையைச் சொல் மாறாமல் எழுதினேன். நீர்மட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதிப் பழக்கமில்லை.

கலீச்சா அம்மையார் முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். 'துணை இயக்குநர்' என்பதற்கு முன்னால் 'மதிப்புக்குரிய' இல்லை. இன்னொரு தடவை எழுதினேன். அனார்கானின் நாற்காலி 'பக்கவாட்டு' என்று இருப்பது இழிவாக இருக்கிறது என்றார் அவர். 'பக்கவாட்டு' போய் 'அருகில்' வந்தது. அருகில் என்றால் வலமா என்று கலீச்சா அம்மையார் கேட்டார். 'பக்கவாட்டு' திரும்பி வந்தது. முதல் பக்கத்தை நான்கு தடவை எழுதினேன். நான்காவது தடவை எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயக்குநர் மற்ற நான்கு தாள்களையும் விரலால் தட்டி ஓரத்தைச் சரி செய்தார்.

"இதுல என்ன?"

"நடந்தது."

"என் பேச்சு இருக்கா?"

"முழுசா இருக்கு. ஒரு வார்த்தை விடல."

"அதான் வேணும்" என்றார்.

பிறகு ரொட்டி எடுத்தார்கள். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன். காய்ந்திருந்தது. ஆனாலும் ரொட்டிமேல் எனக்குக் கோபமில்லை. கலீச்சா அம்மையார் என் கையில் வெளியேறும் முத்திரையைக் குத்தினார். இயக்குநர் தாள்களை உறையில் போட்டு, அரக்கை மெழுகுவத்தியில் உருக்கிச் சொட்டவிட்டு, வளாகத்தின் பித்தளை முத்திரையை இரண்டு கையாலும் அழுத்தினார். எடுத்து, ஊதி ஆற்றினார். வழியில் யாரும் பிரிக்கக் கூடாது என்று பெய்ஷெனிடம் இரண்டு தடவை சொன்னார். பெய்ஷென்தான் வளாகத்தின் காரையும் ஓட்டுவார். தாஷ்-புலாக் திருப்பம் போகிற வழியில்தான் இருந்தது.

கார் கிளம்பும்போது மணி நாலே முக்கால். முன்இருக்கையில் கடிதம். பெய்ஷென் அதற்கு பெல்ட் மாட்டியிருந்தார். பின்இருக்கையில் நான். முடிச்சு விழுந்த இடத்தை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"துணி மடியில இருக்குண்ணே. வந்துட்டே இருக்கேன்."

பின்னால் யாரோ பாடுவது கேட்டது. "மெதுவா வாடா" என்றான். "பொண்ணுக்காரங்க இன்னும் மலையில ஏறல."

பாதி வழியில் பெய்ஷென் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என் பேரு இருக்கா பாய்கே, அதுல?"

"இருக்கு. நின்னதா இருக்கு. முடிச்சை அவுத்ததும் இருக்கு."

ஒரு மைல் தூரம் போன பிறகு, "அப்ப வேகமாவே போறேன்" என்றார்.

திருப்பத்தில் என்னை இறக்கினார். மலைமேல் வெயில் இன்னும் இரண்டு முழம் இருந்தது. அங்கிருந்து அண்ணன் வீட்டுக் கூரைப்புகை தெரிந்தது. செருப்பில் நீல உறை அப்படியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கழற்றிப் பெய்ஷெனிடம் கொடுத்தேன். வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கார் முத்திரை உடையாத கடிதத்தை ஏற்றிக்கொண்டு நேரே போயிற்று.